‘விரோதம்’ என்னும் சொல்லின் பொருளும் வரலாறும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் ஸந்நிதியில் தீர்த்தம் ஸாதிக்கும்பொழுது ஸேவார்த்திகள் அடியேனிடம் பலவகைக் கேள்விகள் கேட்பதுண்டு. புறப்பாடு எப்பொழுது, திருமஞ்சனம் எந்நாள் என்பன போன்றவற்றுக்கு விடை எளிது. ஆனால் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளில் ஒருவர், இப்படிக் கேட்பார்: “ஸ்வாமி, ஓர் உபநிஷத்து பகவானுக்குக் குணமே இல்லை என்கிறது, மற்றொன்று எண்ணிறந்த கல்யாண குணங்கள் உடையவன் என்கிறது. ஓரிடத்தில் ஜீவனும் ப்ரஹ்மமும் ஒன்று, வேறோரிடத்தில் வேறு. இரண்டும் வேதம் என்றால் எதை நம்புவது?”

இது கேட்கத் தக்க கேள்வியே. ‘பெரியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்’ என்று வாயடைத்து அனுப்புவது முறையன்று. வேத வாக்யங்கள் இரண்டு மெய்யாகவே ஒன்றையொன்று வெட்டுமாயின், அவற்றுள் ஒன்று வீழ்ந்தே தீரும். ஒன்று வீழ்ந்தபின் மற்றது எந்தப் பலத்தால் நிற்கும்? வேதத்தின் ப்ராமாண்யமே ஆட்டம் காணும். வேதம் ஆட்டம் கண்டால், அடியேன் திருவாராதனத்தில் சொல்லும் மந்த்ரங்களுக்கும், தாங்கள் பல காதம் கடந்து வந்து ஸேவிப்பதற்கும் ஆதாரம் ஏது? ஆகையால் விடை கூறுமுன், ‘விரோதம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அச்சொல்லுக்கு நம் பூர்வர்கள் எப்பொருள் கொண்டனர் என்று ஆராய்வது அவசியமாகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ‘ருத்’ என்பது தாது. ‘வி’ என்பது உபஸர்க்கம். பாணினியின் தாதுக்கள் பத்துக் கணங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஏழாம் கணத்திற்கு இந்தத் தாதுவே முதலாக நிற்பதால் ‘ருதாதி கணம்’ என்றே பெயர். இதன் பொருள் தடுத்தல், மறித்தல், சூழ்ந்து அடைத்தல் என்பதாம். மனத்தை அடக்குதல் ‘நிரோதம்’, அந்தப்புரம் ‘அவரோதம்’, இடையூறு ‘உபரோதம்’. ஆற்றின் கரைக்கு ‘ரோதஸ்’ என்று பெயர் வந்ததும் இதனாலேயே. (இணங்கி நடத்தலைக் குறிக்கும் ‘அநுரோதம்’ என்பதையும் சிலர் இவ்வினத்தில் சேர்ப்பர். தாதுபாடத்தில் அதற்கு நான்காம் கணத்தில் தனியிடம் உண்டு. இப்பொழுது அது நமக்கு வேண்டுவதில்லை.)

செங்கற்பட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து படாளத்திற்கு வந்தவர்கள் அந்த ஆற்றின் இரு கரைகளையும் பார்த்திருப்பீர்கள். இன்னும் தெற்கே சென்று மதுராந்தகத்துப் பெரிய ஏரியின் கரைமீது நின்றால், ‘ரோதஸ்’ என்ற சொல் கண்முன் விரியும். கரைக்கு நீரின்மேல் பகை ஏதும் இல்லை. கரை இருக்கும் இடத்தில் நீர் புகமாட்டாது. நீர் புகுந்த இடத்தில் கரை இல்லை. அவ்வளவே. விரோதம் என்ற சொல்லின் மூலப் பொருளும் இதுவே: ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று புகவொட்டாமல் நிற்றல். பகைமை, சண்டை, வழக்கு என்பன பிற்பாடு உலக வழக்கில் ஏறிய பொருள்கள். அறுபது ஆண்டுகளில் ‘விரோதி’ என்று ஓர் ஆண்டும், ‘விரோதிக்ருது’ என்று மற்றோர் ஆண்டும் வருகின்றன. பெயரைக் கேட்டு அஞ்சி அவ்வாண்டில் விவாஹத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்பவர்களும் உளர். அச்சம் சொல்லின் பிற்காலப் பொருளால் வந்தது.

தமிழிலும் இக்கருத்துக்கு நல்ல சொற்கள் உண்டு. ‘மாறு’ ஒன்று, ‘முரண்’ மற்றொன்று. நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘மாறுகொளக் கூறல்’ என்பதையும் தொல்காப்பியம் வைத்தது. நன்னூலும் அதைப் பின்பற்றியது. அஃதாவது, முன் சொன்னதற்கு மாறாகப் பின் சொல்லுதல். அதே தொல்காப்பியம் செய்யுளியலில் ‘முரண் தொடை’ என்று ஓர் அழகையும் கூறுகிறது. நூலில் குற்றமாக நிற்பது செய்யுளில் அணியாகிறது! வடமொழி அலங்கார சாஸ்த்ரிகளும் ‘விரோதாபாஸம்’ என்னும் அணியைக் கூறினர். ஆபாஸம் என்றால் போலி. விரோதம் போலத் தோன்றி, பொருளை உணர்ந்தவுடன் மறைந்துவிடுவது அது. ஆக, மெய் விரோதம் ஒன்று, விரோதப் போலி ஒன்று என்று இரண்டு உண்டென்பது இரு மொழிப் புலவர்க்கும் ஒப்ப முடிந்தது. இரண்டையும் பிரித்தறிவதில்தான் ஸாமர்த்யம் வேண்டும்.

இவ்விஷயத்தில் வையாகரணர்கள் நமக்கு முதல் பாடம் சொல்லித் தருகிறார்கள். பாணினி தம் அஷ்டாத்யாயியில் முதல் அத்யாயம் நான்காம் பாதத்தில் ‘விப்ரதிஷேதம்’ என்னும் சொல்லை ஆள்கிறார். ஸமபலமுள்ள இரண்டு விதிகள், தமக்குத் தனித்தனியே வேறு இடம் உடையனவாயிருந்தும், ஓரிடத்தில் ஒருங்கே வந்து முட்டிக்கொள்வதே விப்ரதிஷேதம். அங்கே பின்னுள்ள விதி வெல்லும் என்பது அவர் ஏற்பாடு. பாடசாலையில் ‘வ்ருக்ஷ’ சப்தத்தை வைத்து இதைக் கற்பிப்பார்கள். ‘வ்ருக்ஷாப்யாம்’ என்பதில் அகரத்தை நீட்டும் விதி வருகிறது; ‘வ்ருக்ஷேஷு’ என்பதில் அதை ஏகாரமாக்கும் விதி வருகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் சுகமாக இருக்கின்றன. ‘வ்ருக்ஷேப்ய:’ என்னுமிடத்தில் இரண்டும் ஒருசேர வந்து நிற்கின்றன. பின்னது வென்று ஏகாரம் ஆகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், இரண்டு விதிகளும் மாறுபட்டவை என்பதனாலேயே விரோதம் வந்துவிடவில்லை. ஒரே இடத்தில் சந்தித்தபோதுதான் விரோதம் பிறந்தது.

மீமாம்ஸகர்கள் வேத வாக்யங்களைப் பற்றியே இவ்வாராய்ச்சியைச் செய்தார்கள். அதிராத்ரம் என்னும் யாகத்தில் ‘ஷோடசி’ என்னும் பாத்ரத்தை எடுக்கவேண்டும் என்று ஒரு வாக்யம். எடுக்கலாகாது என்று மற்றொன்று. இரண்டும் ச்ருதியே, ஒன்றைத் தள்ள வழியில்லை. எனவே விகல்பம், எடுக்கவும் செய்யலாம் விடவும் செய்யலாம் என்று முடித்தார்கள். ஆனால் விகல்பத்தை ஏற்றால் எட்டுத் தோஷங்கள் வரும் என்றும் எண்ணிச் சொல்லி, வேறு கதியில்லாதபோதே அதனை ஏற்கலாம் என்று வேலியிட்டார்கள். மேலும் விகல்பம் செயலுக்கு மட்டுமே பொருந்தும். பாத்ரத்தை எடுப்பதும் விடுவதும் நம் கையில் உள்ளது. ஒரு வஸ்து இப்படி இருக்கிறதா அப்படி இருக்கிறதா என்பதில் விகல்பம் செல்லாது. தூணைத் தூண் என்றோ மனிதன் என்றோ நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள இயலுமா? ஆகையால், ‘ப்ரஹ்மம் குணமுள்ளதாகவும் இருக்கலாம், இல்லாததாகவும் இருக்கலாம், அவரவர் ருசிப்படி கொள்ளலாம்’ என்று இக்காலத்தில் மேடையில் பேசுவது கேட்க இனிமையாயினும் சாஸ்த்ரத்திற்கு ஒவ்வாது.

விரோதத்தை வகைப்படுத்தியதில் பௌத்தராகிய தர்மகீர்த்திக்குப் பெரும் பங்குண்டு. ஏழாம் நூற்றாண்டில் இருந்த அவர் ‘ந்யாயபிந்து’ என்னும் சிறு நூலில் விரோதம் இரு வகை என்றார். புறச் சமயத்தார் ஆயினும் நல்ல பாகுபாட்டைச் சொன்னால் ஏற்பதில் நமக்கு என்ன குறை? சூடு வந்தால் குளிர் விலகுகிறது. இது கூடி இராமை என்னும் வகை. நித்யம் என்பதும் அநித்யம் என்பதும் ஒன்றின் மறுப்பே மற்றதாக நிற்கின்றன. இது இரண்டாம் வகை. பத்தாம் நூற்றாண்டில் உதயநாசார்யர், ஒன்றின் மறுப்பே மற்றதாக நிற்குமிடத்தில் மூன்றாவது ஒரு நிலை கிடையாது என்று ந்யாயகுஸுமாஞ்ஜலியில் நிலைநாட்டினார். பேசுகிறவனுடைய பேச்சே அவனை வெட்டுமாயின் அதற்கு ‘வ்யாகாதம்’ என்று பெயர். ‘என் தாய் மலடி’ என்பவனும், ‘நான் பிறந்தது முதல் மௌன வ்ரதம்’ என்று வாய்திறந்து சொல்பவனும் இதற்குப் பழைய உதாரணங்கள்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதை நையாயிகர்கள் குரங்கைக் கொண்டு விளக்குவார்கள். மரத்தின் கிளையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது. மரத்தில் குரங்கு இருக்கிறதா? இருக்கிறது. அடிமரத்தில்? இல்லை. ஒரே மரத்தில், ஒரே காலத்தில், குரங்கின் சேர்க்கை இருக்கவும் செய்கிறது, இல்லாமலும் இருக்கிறது! விரோதம் ஏன் வரவில்லை? கிளை என்னும் பகுதியைக் கொண்டு ‘உண்டு’. வேர் என்னும் பகுதியைக் கொண்டு ‘இல்லை’. இந்த ‘எதைக் கொண்டு’ என்பதற்கு அவர்கள் ‘அவச்சேதகம்’ என்று பெயரிட்டார்கள். ஆக விரோதத்திற்கு மூன்று வேண்டும்: ஒரே வஸ்து, ஒரே காலம், ஒரே அவச்சேதகம். மூன்றும் ஒன்றாக இருக்கையில் உண்டு, இல்லை என்ற இரண்டும் வருமாயின் அது மெய் விரோதம். ஒன்று மாறினாலும் அது போலியே. யவன தேசத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் இருந்த அரிஸ்டாட்டில் என்னும் ஞானியும் ஏறக்குறைய இதே மூன்று நிபந்தனைகளைக் கூறினார். சிந்திப்பவர் எங்கு இருப்பினும் இவ்வாசலுக்கு வந்தே ஆகவேண்டும் போலும்.

இப்பொழுது ஹிரண்யகசிபுவின் வரத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து இவ்வழியே வருபவர்கள் செங்கற்பட்டுக்கு முன்னரே சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கிப் பாடலாத்ரி நரஸிம்ஹனை ஸேவித்து வருவது வழக்கம். பல்லவர் காலத்துக் குடைவரை அது. குன்றே விமானமாக நிற்பதால் குன்றையே வலம் வருகிறோம். ஆரத்தி வேளையில் திருநாமத்தை விலக்கி அர்ச்சகர் நெற்றித் திருக்கண்ணை ஸேவை பண்ணிவைப்பார். அந்த ஸந்நிதியில் நிற்கையில் அடியேனுக்கு எப்பொழுதும் தோன்றுவது, இவன் தர்க்க சாஸ்த்ரத்திற்கும் ஆசார்யன் என்பதே.

அஸுரன் கேட்டது என்ன? பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது. உள்ளும் கூடாது, புறம்பும் கூடாது. தரையிலும் வானிலும் கூடாது. மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது. இப்படி இரண்டிரண்டாகக் கேட்டு எல்லா வழியையும் அடைத்துவிட்டதாக மகிழ்ந்தான். அவன் பிழை எங்கே? பகலும் இரவும் ஒன்றோடொன்று சேரமாட்டா. ஆனால் ஒன்றின் மறுப்பே மற்றது அல்ல. பகல் அல்லாதது எல்லாம் இரவாகிவிடாது. நடுவே அந்தி இருக்கிறது. உள்ளுக்கும் புறத்துக்கும் நடுவே வாயிற்படி; தரைக்கும் வானுக்கும் நடுவே மடி; மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடுவே அந்தத் திருவுருவம். சேராமல் இருக்கும் இரண்டையும், மறுப்பும் மறுக்கப்படுவதுமாய் நிற்கும் இரண்டையும் அவன் ஒன்றாக எண்ணிவிட்டான். ‘மனிதனாலும், மனிதன் அல்லாத எதனாலும் சாவு கூடாது’ என்று கேட்டிருந்தால் இடைவெளி இருந்திராது. ஆனால் அப்படிக் கேட்பது சாவே கூடாது என்று கேட்பதாகும்.

‘உயிருள்ளதாலும் உயிரற்றதாலும் கூடாது’ என்றும் கேட்டானே, அது மறுப்பு வகையல்லவா, அங்கே நடு ஏது என்று கூர்மையுள்ளவர் கேட்பர். நல்ல கேள்வி. பெரியோர் அங்கே திருநகங்களைக் காட்டுவர். நகம் அடியில் வளர்கிறது. நுனியில் வெட்டினால் நோவதில்லை. அடியைக் கொண்டு ஒன்று, நுனியைக் கொண்டு மற்றொன்று. மரத்துக் குரங்கின் கதையே இது. ஆக, நடு இருக்குமிடத்தில் நடுவில் தோன்றியும், நடு இல்லாத இடத்தில் பகுதியைப் பிரித்தும் எம்பெருமான் ப்ரஹ்லாதன் வார்த்தையையும் மெய்யாக்கினான், ப்ரஹ்மா கொடுத்த வரத்தையும் பொய்யாக்கவில்லை.

இனி நம் ஸம்ப்ரதாயத்திற்கு வருவோம். வ்யாஸர் அருளிய ப்ரஹ்ம ஸூத்ரத்தில் நான்கு அத்யாயங்கள்; இரண்டாவதற்கு ‘அவிரோதாத்யாயம்’ என்று பெயர். விரோதம் இல்லை என்று காட்டுவதற்கே நான்கில் ஒரு பங்கு செலவாயிற்று என்றால், அக்கேள்வி எவ்வளவு பழையது, எவ்வளவு கனமானது என்று உணரலாம். அதே அத்யாயத்தில், ஒரே வஸ்துவில் உண்மையும் இன்மையும் ஒருங்கே கூடும் என்ற ஜைநர் கொள்கையை எடுத்து, ஒன்றில் அவ்வாறு கூடாது என்று மறுக்கும் அதிகரணமும் உள்ளது.

காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்ரகாசர் பாடம் சொல்லி வந்தார். எம்பெருமானார் (அவதாரம் 1017) அங்கே மாணாக்கராக அமர்ந்தார். குருவுக்கும் சிஷ்யருக்கும் தைத்திரீய வாக்யம் ஒன்றிலும் சாந்தோக்ய வாக்யம் ஒன்றிலும் மாறுபாடு நேர்ந்தது என்று குருபரம்பரை கூறும். ஸத்யம், ஞானம், அநந்தம் என்று பல சொற்கள் ஒரே ப்ரஹ்மத்தைச் சொல்லுமாயின் அவை எப்படிப் பொருந்தும் என்பது முதல் பூசல். ஒரே தாமரையில் சிவப்பும் மணமும் மென்மையும் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்கவில்லையா? அவை வெவ்வேறாயினும் விரோதிகள் அல்ல. வேறுபாடு வேறு, விரோதம் வேறு. இவ்விரண்டையும் கலந்துவிடுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

யாதவப்ரகாசரின் கொள்கை பேதாபேதம்: உலகமும் ஜீவனும் ப்ரஹ்மத்தோடு ஒன்றாகவும் இருக்கின்றன, வேறாகவும் இருக்கின்றன. இரு வகை ச்ருதிகளையும் காப்பாற்ற இதுவே வழி என்று அவர் எண்ணினார். நோக்கம் நல்லதே. ஆனால் எந்த வகையில் ஒன்றோ அதே வகையில் வேறு என்றால், அது வ்யாகாதம். ஜீவனுடைய துக்கங்கள் ப்ரஹ்மத்தின்மேல் ஏறவும் அது வழிவிடும். எம்பெருமானார் பிற்காலத்தில் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் சங்கரர், பாஸ்கரர் மதங்களோடு யாதவ மதத்தையும் எடுத்து விமர்சித்தது இதனாலேயே.

அப்படியானால் ஒன்று என்றும் வேறு என்றும் சொல்லும் ச்ருதிகளின் கதி என்ன? இங்கேதான் எம்பெருமானாருடைய ஸித்தாந்தத்தின் உயிர்நிலை இருக்கிறது. ப்ருஹதாரண்யகத்தில் அந்தர்யாமி ப்ராஹ்மணம் என்று ஒரு பகுதி உண்டு. பூமி முதல் ஆத்மா ஈறாக ஒவ்வொன்றும் அவனுக்குச் சரீரம், அவன் உள்ளிருந்து நியமிப்பவன் என்று அது ஓதுகிறது. அதனை ‘கடக ச்ருதி’ என்பர். சேர்த்துவைப்பது என்று பொருள். உதாரணம் நம்மிடமே உள்ளது. ‘நான் பருத்தவன்’ என்கிறோம். ‘நான் அறிந்தவன்’ என்றும் கூறுகிறோம். பருமன் உடலைச் சேர்ந்தது, அறிவு ஆத்மாவைச் சேர்ந்தது. ‘நான்’ என்பதோ ஒருவனே. உடலும் ஆத்மாவும் தன்மையால் வேறு. உடலையுடைய ஆத்மா என்ற வகையில் ஒருவன். அங்ஙனமே உத்தாலகர் தம் புத்ரனாகிய ச்வேதகேதுவுக்கு உபதேசித்த ஐக்ய வாக்யமும், ஜீவனைச் சரீரமாகவுடைய பரமாத்மாவும், ஜகத்காரணமான பரமாத்மாவும் ஒருவனே என்று கூறுகிறது. வேறுபாட்டைக் கூறும் வாக்யங்களோ சரீரத்துக்கும் சரீரிக்கும் உள்ள தன்மை வேற்றுமையைக் கூறுகின்றன. அவச்சேதகம் வேறு, ஆகவே விரோதம் இல்லை. இரண்டு வகை வாக்யங்களுக்கும் நேர்ப்பொருளே கிடைத்துவிடுகிறது. எதையும் கீழிறக்க வேண்டுவதில்லை.

‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்னும் பழைய உதாரணத்தையும் கேட்டிருப்பீர்கள். சென்ற ஆண்டு காஞ்சி கருட ஸேவையில் கண்ட பெரியவரை இன்று படாளத்தில் காண்கிறோம். ‘அவரே இவர்’ என்கிறோம். ‘அந்த’ என்பதும் ‘இந்த’ என்பதும் முரணுவதால் இரண்டையும் விட்டு ஆளை மட்டும் கொள்ளவேண்டும் என்பது அத்வைதிகள் சொல்லும் வழி. எம்பெருமானார் கேட்டது எளிய கேள்வி: எதை ஏன் விடவேண்டும்? ஒரே ஆள் ஒரே காலத்தில் காஞ்சியிலும் படாளத்திலும் இருந்தால் அல்லவோ விரோதம்? அன்று அங்கே, இன்று இங்கே. காலம் வேறு. விரோதம் இல்லாத இடத்தில் விரோதத்தைக் கண்டு, அதற்காகச் சொல்லின் பொருளை இழப்பானேன்?

குணமில்லை என்றும் குணமுண்டு என்றும் சொல்வதைப் பற்றி அதிகம் விரிக்கவேண்டுவதில்லை. சாந்தோக்யத்தில் தஹர வித்யையில் ஒரே மூச்சில் பாபமில்லாதவன், மூப்பில்லாதவன் என்று சிலவற்றை நீக்கியும், மெய்யான ஸங்கல்பம் உடையவன் என்று சிலவற்றைச் சேர்த்தும் ஓதியிருக்கிறது. நீக்கியது தாழ்ந்த குணங்களை. சேர்த்தது கல்யாண குணங்களை. ‘இவ்வூரில் தண்ணீர் இல்லை’ என்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றல்லவோ ஏரிக்கரையில் இருப்பவன் பொருள் கொள்வான்.

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் அவித்யைக் கொள்கைமேல் ஏழு அநுபபத்திகளை, அஃதாவது பொருந்தாமைகளை, எம்பெருமானார் அடுக்கியுள்ளார். முதலாவது, அவ்வவித்யைக்கு இருப்பிடம் எது என்பது. ஜீவன் என்றால், ஜீவத் தன்மையே அவித்யையால் வந்ததாயிற்றே. ப்ரஹ்மம் என்றால், அது தானே ஒளிரும் ஞானம். ஒளியில் இருள் எப்படி அமரும்? நான்காவது, உண்டு என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது என்னும் மூன்றாம் நிலையைப் பற்றியது. கயிற்றில் தோன்றிய பாம்பை அத்வைதிகள் அவ்வாறு கூறுவர். உண்மையும் இன்மையும் ஒன்றின் மறுப்பு மற்றதாய் நிற்பவை; அவற்றினிடையே அந்தி கிடையாது என்பது நம்மவர் பக்ஷம். எதிர்த்தரப்பும் சளைத்ததன்று. பதினாறாம் நூற்றாண்டில் மதுஸூதன ஸரஸ்வதி அத்வைத ஸித்தியில் சொன்ன விடை கூர்மையானது. முக்காலத்திலும் பாதிக்கப்படாதது ‘ஸத்’. முயற்கொம்பு போல எங்கும் தோன்றவே தகுதியற்றது ‘அஸத்’. இப்படி இலக்கணம் செய்தால் அவை பகலும் இரவும் போன்றவையே, நடுவே இடமுண்டு என்றார். அடியேன் எம்பெருமானார் திருவடிப் பக்கமே நிற்பவன். உலகத்தார் உண்டு, இல்லை என்று எப்பொருளில் சொல்கிறார்களோ அப்பொருளில் நடு இல்லை; சொல்லுக்குப் புதிய இலக்கணம் செய்துகொண்டு நடுவை உண்டாக்கினால் அது வேறு வழக்கு. ஆயினும் எதிர்வாதி விரோதம் இன்னதென்று அறியாமல் பேசினார் என்று ஏளனம் செய்வது தகாது. இரு தரப்பாரும் ஒரே அளவுகோலை ஏந்தியே வாதம் புரிந்தனர்.

நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஆறாம் பத்து மூன்றாம் திருவாய்மொழி முழுவதும் திருவிண்ணகரப்பனைப் பற்றியது. ஏழ்மை, செல்வம், விஷம், அமுதம், பகை, உறவு என்று எதிர் எதிரானவற்றையெல்லாம் அவனாகவே அநுபவிக்கிறார். வ்யாக்யாதாக்கள் இதனை ‘விருத்த விபூதி’ என்று குறித்தனர். விபூதி என்றால் ஐச்வர்யம், உடைமை. ஒரு மிராசுதாரருக்கு நன்செயும் உண்டு புன்செயும் உண்டு என்பதால் அவரே ஈரமும் வறட்சியும் ஆகிவிடுவாரோ? எதிரெதிரானவை உடைமையில் உள்ளன, உடையவன் ஒருவன். மேலே கண்ட சரீர சரீரி பாவமே இங்கே அநுபவமாகப் பெருகுகிறது.

இச்சொல்லுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் இன்னொரு ஆட்சியும் உண்டு. அர்த்த பஞ்சகம் என்று ஐந்தை அறியச் சொல்வார்கள்: தன் ஸ்வரூபம், பரஸ்வரூபம், புருஷார்த்தம், உபாயம், விரோதி. பிள்ளை லோகாசார்யர் இப்பெயராலேயே ஒரு ரஹஸ்யம் அருளினார். இங்கே ‘விரோதி’ என்பது அண்டைவீட்டுக்காரனும் அல்லன், மற்றொரு திருமண் காப்புத் தரித்தவனும் அல்லன். வடகலை, தென்கலை என்று புறப்பாட்டின் முன்னே யார் முதலில் சேவிப்பது என்று பூசலிடுவோர் இதைச் சற்று எண்ணலாம். அடைய வேண்டியதை அடையவொட்டாமல் மறித்து நிற்பது எதுவோ அதுவே விரோதி. நான், எனது என்னும் செருக்கு அதில் தலையாயது. பாருங்கள், பல நூற்றாண்டுகள் தர்க்கத்தில் உழன்ற சொல் மீண்டும் தன் தாதுவின் பொருளாகிய ‘மறித்தல்’ என்பதற்கே வந்து சேர்ந்துவிட்டது.

வேதாந்த தேசிகன் (1268–1369) ரஹஸ்யங்களில் தோன்றும் முரண்களை நீக்கவே ‘விரோத பரிஹாரம்’ என்று தனி நூல் ஒன்று ஸாதித்தார். எம்பெருமானுடைய க்ருபை காரணமின்றி வரும் என்பதும், சேதநனுக்கு ஒரு வ்யாஜம் வேண்டும் என்பதும் விரோதமா அன்றா என்பது இன்றும் இரு கலையாரிடையே நடக்கும் வாதம். பூனை தன் குட்டியைக் கவ்வுவதையும், குரங்கின் குட்டி தாயைப் பற்றுவதையும் உதாரணமாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதனை இச்சிறு கட்டுரையில் எடுத்தால் அடுத்த உத்ஸவ மலரும் போதாது.

திருப்புட்குழிப் பூசல் எவ்வாறு முடிந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கருத்து மாறுபாடு முற்றி, காசி யாத்திரை என்னும் பெயரில் சிஷ்யரின் உயிருக்கே அபாயம் நேர்ந்ததென்றும், வேடுவ தம்பதியாய் வந்த பேரருளாளனும் பெருந்தேவியும் காத்து மீட்டனர் என்றும் குருபரம்பரை கூறும். பாடசாலையை விட்ட இளையாழ்வாரை ஸ்ரீரங்கத்திற்கு அழைத்துவரப் பெரிய நம்பி புறப்பட்டார். அவரை நாடி இவரும் காஞ்சியிலிருந்து புறப்பட்டார். இருவரும் சந்தித்தது மதுராந்தகத்தில். காஞ்சிக்குத் திரும்பிச் சென்று பேரருளாளன் ஸந்நிதியில் செய்துகொள்ளலாம் என்று நம்பி நினைக்க, உடல் நிலையாதது, ஒரு கணமும் தாமதிக்கலாகாது என்று இவர் வேண்ட, ஏரி காத்த ராமன் ஸந்நிதியில் மகிழ மரத்தடியிலேயே பஞ்ச ஸம்ஸ்காரம் நடந்தது. ‘த்வயம் விளைந்த திருப்பதி’ என்று அவ்வூருக்குப் பெயர் வந்தது அதனால். யாதவப்ரகாசரோ முதுமையில் தம் பழைய மாணாக்கரிடமே வந்து ஸந்யாஸம் பெற்று, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமத்தோடு ‘யதிதர்ம ஸமுச்சயம்’ என்னும் நூலை எழுதினார். துறவிகளின் ஒழுக்கத்தைக் கூறும் அந்நூல் இன்றும் கிடைக்கிறது.

படாளத்திலிருந்து ரயிலில் செல்வோருக்குக் கருங்குழியை அடுத்த நிலையமே மதுராந்தகம். ராமன் ஸந்நிதியில் பெரிய நம்பியையும் எம்பெருமானாரையும் ஒருங்கே ஸேவிக்கலாம். மகிழ மரத்தடியையும் ஸேவித்து, ஏரிக்கரைமீது ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.